பட்டறையின் கிரமம் எழுத்தில் இருக்கட்டும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு லேத்தும் ஒரு துளையிடும் யந்திரமுமாகத் தொடங்கிய பட்டறை, முதலாளியும் இரண்டு தொழிலாளரும் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கும் தூரத்தில் நின்று வேலை செய்கிற வரையில், எழுதிவைத்த விதி எதுவும் இல்லாமலே செவ்வனே நடந்துவிடுகிறது. எந்த டிராயிங் எந்த வாடிக்கையாளருடையது, எந்த அளவில் எத்தனை மைக்ரான் கூடலாம் குறையலாம், எந்தச் சரக்கு யாரிடம் முலாம் பூசப் போயிருக்கிறது என்பதெல்லாம் முதலாளியின் ஞாபகத்திலும் மேஸ்திரியின் கைப்பழக்கத்திலும் பத்திரமாக இருக்கின்றன. ஆட்கள் பதினைந்தாகி, இரவு ஷிப்டும் ஏற்பட்டு, பக்கத்துத் தெருவில் இரண்டாவது கூடமும் வாடகைக்கு எடுத்த பிறகு, அந்த ஞாபகமே தொழிலுக்குத் தளையாகிவிடுவதை எங்கள் சங்கத்தின் அங்கத்தினர்களில் அநேகர் நஷ்டப்பட்டே கண்டுகொண்டிருக்கிறார்கள். மேஸ்திரி ஊர்த் திருவிழாவுக்குப் போன வாரத்தில், திருத்தத்துக்கு முந்தைய பழைய டிராயிங்கை வைத்துக் கடைந்த சரக்கு முழுவதும் வண்டியோடு திரும்பி வருவது எங்கள் தெருக்களில் அபூர்வமான சம்பவம் அன்று.

ஆகையால், வளர்கின்ற சிறு தொழிற்கூடம் ஒவ்வொன்றும் தன் வேலைமுறைகளை எழுதிவைக்க வேண்டும் என்பதும், அவற்றை அந்தந்த வேலையைச் செய்கிறவர்களே தாங்கள் வாசிக்கும் பாஷையில் எழுத வேண்டும் என்பதும், சான்றிதழும் மென்பொருளும் அதற்குப் பின்னரே வர வேண்டும் என்பதும் எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு.

1964-இல் நிறுவப்பட்ட இப்பேட்டை, பெரம்பூரில் 1955 முதல் இயங்கும் ரயில் பெட்டித் தொழிற்சாலையும், ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும், பாடியின் மோட்டார் உறுப்புத் தொழிற்சாலைகளும் சூழ்ந்த பிரதேசத்தில் வளர்ந்தது. அந்தப் பாடியிலிருந்துதான் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998-இல், இந்தியாவில் முதன்முதலாக டெமிங் பரிசைப் பெற்றது. கிரமமான வேலைமுறைக்கு உலகமே மதித்த உதாரணம் நம் வாசலிலேயே இருந்தும், சிறு பட்டறைகள் பலவற்றுக்கு வந்து சேர்ந்தது அதன் சாரம் அன்று. வேறொரு கம்பெனியின் பெயரை அழித்து நம் பெயரை எழுதிய ஆங்கிலக் கையேடும், தணிக்கைக்கு முதல் நாள் இரவில் ஒரே பேனாவால் நிரப்பிய பதிவேடுகளுமே. ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலையின் 2015-ஆம் வருஷப் பதிப்பு தரக் கையேடு என்ற ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று கேட்கவில்லை. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றும் அது சொல்லவில்லை. ஆகவே, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்மோடு உழைப்பவர்களுக்கு அவரவர் பாஷையிலும், வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் படத்திலும், மற்றவர்களுக்குத் தமிழிலும் எழுதி யந்திரத்தின் அருகே மாட்டுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

எழுதினால் வித்தை வெளியே போய்விடும், கற்றவன் நாளைக்கே எதிரே கடை போடுவான் என்று பெரியவர்கள் சிலர் ஆக்ஷேபிக்கிறார்கள். எங்களில் பெரும்பாலோர் இன்னொருவர் லேத்தில் கற்ற வித்தையைக் கொண்டே தொழில் தொடங்கியவர்கள். அந்த வித்தையை நாங்கள் காகிதத்தில் எடுத்துவரவில்லை, கையில் எடுத்துவந்தோம். எழுத்து காப்பது வேறொன்றை: முதல் உருப்படியை யார் அளந்து ஒப்புக்கொண்டார், வெர்னியரும் கேஜும் எப்போது சரிபார்க்கப்பட்டன, டிராயிங்கின் எந்தத் திருத்தம் இப்போது நடப்பில் உள்ளது, ஜாப் ஒர்க்குக்குப் போன மூலப்பொருள் ஜி.எஸ்.டி. சட்டப்படி ஓராண்டுக்குள் திரும்பியதா என்பவற்றை. மேஸ்திரி எழுதிவைத்ததைவிட நல்ல முறையைக் கண்டால், பழையதை அடித்துத் தேதியிட்டுப் புதியதை எழுதும் அதிகாரமும் அவருக்கே இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் நாங்கள் மிகுதியாக வற்புறுத்துவது டெலிவரி சலானை. 2006-ஆம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம், குறு, சிறு தொழில்களிடம் சரக்கு வாங்கியவர் பணம் தருவதற்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை இல்லை என்றும், ஒப்பந்தம் இல்லையேல் 15 நாளே தவணை என்றும் விதித்து, தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டியை மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிடச் சொல்கிறது. இத்தவணை சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஓடுகிறது. 15 நாளுக்குள் எழுத்து மூலமாக ஆக்ஷேபம் வராவிட்டால், சரக்கு போய்ச் சேர்ந்த நாளே ஏற்ற நாள். அந்த நாளை நிரூபிக்கும் கையெழுத்து சலானில் இல்லாதபடியால், சட்டம் தங்கள் பக்கம் இருந்தும் ஆறு மாதம் வாங்கியவர் வாசலில் காத்துக் கிடந்த அங்கத்தினர்களை நாங்கள் அறிவோம். அவர்கள் அந்த மாதங்களில் கூலி கொடுப்பதற்காக அடகு வைத்த நகைகளையும் அறிவோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் பேட்டைக்குள் புகுந்ததை நினைத்து, பதிவேடுகளைக் கீழ்த்தட்டில் வைக்க வேண்டாம் என்றும், பக்கங்களை அன்றாடம் கைப்பேசியில் படமெடுத்து வேறிடத்தில் சேமிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

கொள்முதல் செய்யும் பெரிய ஸ்தாபனங்களிடம் எங்களுக்கு இரண்டு விண்ணப்பங்கள் உண்டு. தணிக்கைக்கு வரும் உத்தியோகஸ்தர்கள் தமிழில் எழுதிய வேலைமுறையை வேலைமுறையாகவே ஏற்று, அலமாரியிலுள்ள கோப்பைப் பார்ப்பதற்கு முன்னால் யந்திரத்தருகே நிற்பவரிடம் கேட்க வேண்டும். சரக்கை இறக்கும் வாயிலில் அன்றைய தேதியோடு கையெழுத்திட்டுத் தர வேண்டும். அது கிடைக்காமல் வண்டியைத் திருப்ப வேண்டாம் என்று எங்கள் ஓட்டுநர்களுக்குச் சொல்லியிருக்கிறோம்.