காருக்குக் காப்புறுதி, வீட்டுக்குக் கடவுளா?

கம்பளையில் வாழும் என் பள்ளித் தோழர் ஒருவர் கடந்த மார்கழியில் தொலைபேசியில் அழைத்தார். ஓய்வுபெற்ற அதிபர். டித்வா சூறாவளியின்போது பெருக்கெடுத்த மகாவலி அவரது வீட்டின் பின்சுவரைத் தள்ளிவிட்டு, முன்வாசலால் வெளியேறியிருந்தது. உயிருக்குச் சேதமில்லை. ஆறுதல் சொல்ல வாயெடுத்த என்னை அவர் இடைமறித்தார். “மச்சான், பொலிசி இருக்குது. காசுதான் இல்லை” என்றார்.

இந்த ஒற்றை வாக்கியம் என்னைப் பல நாட்கள் உறங்கவிடவில்லை. ஏனெனில் அவர் அசட்டையான மனிதரல்லர். வீடு கட்டுவதற்கு வங்கியில் நாற்பது இலட்சம் ரூபா கடன் பெற்றவர். கடனோடு சேர்த்து வங்கியே எடுத்துக்கொடுத்த காப்புறுதிப் பத்திரத்துக்கு ஆண்டுதோறும் தவறாது கட்டுப்பணம் செலுத்தியவர். புயலும் வெள்ளமும் அப்பத்திரத்தில் அடங்கியே இருந்தன. அப்படியானால் குறை எங்கே?

குறை கணக்கில் இருந்தது. அந்த வீட்டை இன்று அத்திவாரத்திலிருந்து மீளக் கட்டுவதானால் ஒரு கோடி ரூபா வேண்டும். பத்திரத்தில் எழுதப்பட்டிருந்ததோ வாங்கிய கடனின் தொகையான நாற்பது இலட்சம். அதாவது நூற்றுக்கு நாற்பது பங்குக்குத்தான் வீடு காக்கப்பட்டிருந்தது. எஞ்சிய அறுபது பங்குக்கு வீட்டுக்காரரே தமக்குத் தாம் காப்பாளர். சேதம் இருபது இலட்சம் என மதிப்பீட்டாளர் எழுதினார். நாற்பது இலட்சத்துக்குக் காப்புறுதி இருக்கும்போது இருபது இலட்சமும் முழுமையாகக் கிடைக்கும் என்றுதான் நீங்களும் நானும் எண்ணுவோம். கிடைக்காது. சேதத்திலும் நூற்றுக்கு நாற்பது பங்குதான், அதாவது எட்டு இலட்சம். அதிலும் இயற்கை அனர்த்தம் என்பதால் பத்து வீதத்தை உரிமையாளரே ஏற்கவேண்டும் என்றொரு வாசகம் பத்திரத்தில் இருந்தது. மிஞ்சியது ஏழு இலட்சத்து இருபதாயிரம். வங்கி தனது பங்கை அந்தத் தொகையில் தேடியது வேறு கதை.

இது மோசடியல்ல. உலகமெங்கும் காப்புறுதித் தொழிலில் நடைமுறையிலுள்ள விகிதாசார விதி. ஆனால் பத்திரத்தை எழுதிக்கொடுத்த வேளையில் ‘ஐயா, இந்தத் தொகை உங்கள் வீட்டுக்குப் போதாது’ என்று ஒரு வார்த்தை சொல்ல எவரும் அங்கிருக்கவில்லை. வங்கிக்குத் தன் கடன் பத்திரமாக இருந்தால் போதும். முகவருக்குக் கையொப்பம் கிடைத்தால் போதும். வீடு யாருடையதோ அவர்தான் கேட்டிருக்கவேண்டும்; அவர் கேட்கவில்லை.

இக்கதையில் என்னை மிகவும் சுட்ட பகுதி இனித்தான் வருகிறது. அதே வெள்ளத்தில் அவரது மகனின் காரும் மூழ்கியது. லீசிங்கில் எடுத்த கார். ஆகவே முழுமையான காப்புறுதி கட்டாயம். அதன் பெறுமதியும் ஆண்டுதோறும் மீளக் கணிக்கப்பட்டு வந்தது. காருக்குரிய பணம் பெரும் வில்லங்கமின்றி வந்து சேர்ந்தது. நான்கு சில்லுகளில் ஓடித் தேய்ந்து, பத்தாண்டில் பழைய இரும்பாகப் போகும் ஒன்றுக்கு நாம் காட்டும் கரிசனையில் கால்வாசியைக்கூட, மூன்று தலைமுறை தங்கப்போகும் வீட்டுக்குக் காட்டுவதில்லை. வாகனத்துக்குக் காப்புறுதி இல்லையேல் சந்தியில் பொலிஸார் மறிப்பார்கள். வீட்டுக்கு இல்லையென்றால் மறிப்பவர் எவருமில்லை. பிறர் மறித்தால்தான் நமக்குப் புத்தி வருமா?

‘எங்கள் பக்கம் புயல் வராது’ என்று சொல்லும் அன்பர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1978 நவம்பர் 23 ஆம் திகதி மாலை வரை மட்டக்களப்பு மக்களும் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். அப்போது நான் பத்திரிகைக்குப் புதியவன். சூறாவளி கடந்த பின்னர் அங்கு சென்றவர்களுள் ஒருவன். வாழைச்சேனையைத் தாண்டியதும் வழியெங்கும் தலையற்ற தென்னைகள். ஓடுகள் பறந்து சட்டங்கள் மட்டும் நின்ற வீடுகள். நனைந்த நெல்லை வீதியில் பரப்பிவிட்டு அதனருகே பேச்சின்றி அமர்ந்திருந்த பெண்கள். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சேதமடைந்த கட்டடங்கள் இலட்சக்கணக்கில். நான் செய்தியாக எழுதி அனுப்பியது இறந்தோர் தொகையையும் அமைச்சர் வருகையையும்தான். அந்த வீடுகளை யார், எந்தப் பணத்தில், எத்தனை ஆண்டுகளில் மீளக் கட்டினார்கள் என்று நான் ஒருபோதும் சென்று விசாரித்ததில்லை. எங்கள் தொழிலின் பழைய குறை அது. புயல் கரை கடந்ததும் செய்தியும் கரை கடந்துவிடும். நகையை விற்றும், வயலை ஈடு வைத்தும், பிள்ளைகளின் படிப்பை நிறுத்தியும் கட்டினார்கள் என்பதை மிகப் பிந்தித்தான் அறிந்தேன்.

1978 ஒரு விதிவிலக்குமல்ல. 1964 டிசெம்பரில் வடக்கைக் கடந்து சென்ற புயல்தான் தனுஷ்கோடியை அழித்தது. 2000 டிசெம்பரில் திருகோணமலை. 2008 நவம்பரில் நிஷா, அதுவும் யுத்தத்தின் நடுவே. 2020 டிசெம்பரில் புரெவி. 2025 நவம்பர் 28 ஆம் திகதி டித்வா. கடைசியாக வந்தது கரையோரத்தோடு நிற்காமல் கண்டி, பதுளை, நுவரெலியா மலைகளைச் சரித்து, அறுநூறுக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோயிற்று. நேரடிச் சேதம் ஏறத்தாழ 410 கோடி அமெரிக்க டொலர் என உலக வங்கி மதிப்பிட்டது. கடலிலிருந்து தள்ளியிருக்கிறோம் என்ற நிம்மதியும் இனி மலைநாட்டாருக்குக் கிடையாது.

‘அரசாங்கம் தரும்தானே’ என்பது அடுத்த சமாதானம். முழுமையாக அழிந்த வீட்டுக்கு ஐம்பது இலட்சம் ரூபா வரை வழங்கப்படும் என டித்வாவின் பின்னர் ஜனாதிபதி அறிவித்தார். வரவேற்போம். ஆனால் நிவாரணம் வேறு, நட்டஈடு வேறு. நிவாரணத்தை எவ்வளவு, யாருக்கு, எப்போது என்று தீர்மானிப்பது கொடுப்பவர். காப்புறுதிப் பணமோ ஒப்பந்தத்தால் வரும் கடன், வாங்குபவரின் உரிமை. பிரதேச செயலகத்து வரிசையில் கிராம உத்தியோகத்தரின் கையொப்பத்துக்காக நின்றவர்களுக்கு இந்த வேறுபாட்டை நான் விளக்கத் தேவையில்லை. அடுத்த புயலின்போது திறைசேரியில் பணம் இருக்குமென்று எவர் உறுதி தருவார்? 2022 இல் எரிபொருள் கப்பலுக்குக் கொடுக்க டொலர் இல்லாது தவித்த நாடு இது.

அரசுக்கும் இது தெரியாததல்ல. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக 2016 ஏப்ரலில் இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டமொன்று நடைமுறைக்கு வந்தது. வீடொன்றுக்கு உச்சம் 25 இலட்சம் ரூபா. மறு மாதமே களனி பெருக்கெடுத்தது, அரநாயக்கவில் மலை சரிந்தது. அத்திட்டத்தின் எண்ணம் சரியானது என்றே அன்று எழுதினேன், இன்றும் சொல்வேன். ஆனால் அந்த 25 இலட்சத்தை வைத்து இன்று எத்தனை அறை கட்டலாம்? வடக்குக் கிழக்கில் இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் ஒரு வீட்டுக்கு வழங்கப்பட்டது ஐந்தரை இலட்சம் ரூபா. அந்த வீட்டின் பெறுமதி இன்னமும் ஐந்தரை இலட்சம் என்று நம்பிக்கொண்டிருக்கும் குடும்பங்களை நான் கிளிநொச்சியில் கண்டிருக்கிறேன். 2022 இல் சில மாதங்களுக்குள் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபது வரை ஏறியபோது சீமெந்தும் கம்பியும் கூரைத்தகடும் கூடவே ஏறின. அதற்கு முன்னர் எழுதிய காப்புறுதித் தொகையை இன்னும் திருத்தாமல் வைத்திருப்பவர் தம் வீட்டில் பாதியைத் தாமே கைவிட்டவராவார்.

காப்புறுதி நிறுவனங்களுக்காக நான் வக்காலத்து வாங்குவதாக எவரும் எண்ணவேண்டாம். எறும்பெழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்ட பத்திரத்தைத் தமிழ்க் கிழவியிடம் கொடுத்து ‘இங்கே ஒப்பமிடுங்கள் அம்மா’ என்பது என்ன நேர்மை? புயலும் வெள்ளமும் உண்டென்று வாயால் சொல்லிவிட்டு, மண்சரிவைத் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுவது என்ன வியாபாரம்? மதிலும் வேலியும் தண்ணீர்த் தாங்கியும் அடங்குமா இல்லையா என்பது சேதத்தின் பிறகுதான் தெரியவேண்டுமா? விகிதாசார விதியை முதற்பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும், ஓர் உதாரணக் கணக்கோடு அச்சிடும்படி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழு கட்டளையிடலாம். கட்டுப்பணத்தின் மேல் 18 வீத வற் வரி வாங்கும் அரசு, சிறு வீடுகளுக்கேனும் அதை நீக்கலாம். ஒரு குடும்பம் தன் கூரையைத் தானே காத்துக்கொள்வது அரசின் நிவாரணச் செலவைக் குறைக்கும் காரியமல்லவா? அதற்கு வரியா?

இங்கே ஒரு கூட்டத்தாரை மறந்துவிட்டு எழுதினால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். லயன் அறைகளில் வாழும் தோட்டத் தொழிலாளருக்கு அந்த அறை சொந்தமில்லை. சொந்தமில்லாத கட்டடத்தை அவர்கள் காப்புறுதி செய்ய முடியாது. மலை சரியும்போது முதலில் புதைவது அவர்கள். பத்திரம் எழுத உரிமையற்றவர்களும் அவர்களே. அவர்களிடம் போய் ‘போதிய காப்புறுதி எடுங்கள்’ என்று உபதேசிக்க எனக்கு நாக்கில்லை. காணி உறுதி கொடுங்கள் என்று நெடுங்காலமாகக் கேட்கும் அந்தக் கோரிக்கைக்குள் இந்தக் கோரிக்கையும் அடங்கியிருக்கிறது.

ஆனால் உறுதியும் உத்தியோகமும் ஓய்வூதியமும் உள்ள நாம்? மகளின் பூப்புனித நீராட்டுக்கு மண்டபமும் வீடியோவும் பிடிக்க இலட்சங்கள் செலவிடும் நாம்? வீட்டுக்குரிய கட்டுப்பணம் அந்த மண்டபச் செலவில் ஒரு சிறு துண்டு. ‘கட்டின காசு தண்டம், ஒன்றும் நடக்கவில்லையே’ என்று ஒரு வாசகர் முன்னர் எனக்கு எழுதியிருந்தார். ஒன்றும் நடக்காமற்போனதற்காக வருந்தும் ஒரே மனிதரை அன்றுதான் கண்டேன்.

ஆகவே பத்திரத்தை இன்றிரவே எடுத்துப் பாருங்கள். எழுதியிருக்கும் தொகை காணியின் விலையா, கடனின் மீதியா, மீளக் கட்டும் செலவா? காணியைப் புயல் கொண்டுபோகாது. அதற்குக் காப்புறுதி வேண்டாம். ஊரிலுள்ள ஒரு மேசன் பாஸிடமோ வரைஞரிடமோ சதுர அடிக்கு இன்றைய செலவைக் கேளுங்கள், பெருக்கிப் பாருங்கள். கடன் கட்டி முடித்தவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: கடனோடு எடுத்த பத்திரம் கடனோடு முடிந்திருக்கக்கூடும்.

கம்பளை நண்பர் பின்சுவரை எழுப்பிவிட்டார். கூரைக்கு மகன் கட்டாரிலிருந்து பணம் அனுப்பவேண்டும். சென்ற கிழமை மறுபடியும் அழைத்தார். புதிய பத்திரத்தில் என்ன தொகை எழுதலாம் என்று கேட்டார். ஒரு கோடியே பத்து இலட்சம் என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பின்னர் கட்டுப்பணம் எவ்வளவு வரும் என்று விசாரித்தார். சொன்னேன். “கார் காப்புறுதியைவிடக் குறைவாக இருக்கிறதே” என்றார்.