சமிக்காத உணவு சொல்லும் சேதி



சில வாரங்களுக்கு முன் மாதர் சங்கக் கூட்டமொன்றில் போசாக்குப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். "நார்ச்சத்துள்ள உணவைச் சாப்பிடுங்கள், அது சமிக்காமல் பெருங்குடல்வரை செல்லும்" என்று நான் வழமைபோலச் சொல்லிக்கொண்டு போனேன். பின்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் எழுந்தார். நீரிழிவுக்காக மாதந்தோறும் கிளினிக்குக்குப் போய்வருபவர்.

"பிள்ளை, சமிக்காத சாப்பாட்டாலை உடம்புக்கு என்ன பிரயோசனம்? காசு குடுத்து வாங்கிறதைச் சும்மா வெளியிலை விடவோ சாப்பிடச் சொல்லுறியள்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் படித்தது சமூகவியல். சுவரொட்டியில் இருந்ததை ஒப்புவித்தேனே தவிர, காரணம் எனக்கும் தெரியாது. அடுத்த கூட்டத்துக்குப் பதிலோடு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். பின்னர் தேடிப் படித்தும், வைத்தியர் ஒருவரிடம் கேட்டும் அறிந்தவற்றை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

குரக்கன், பயறு, கௌபி, கீரை போன்றவற்றிலுள்ள நாரை உடைக்கும் நொதியங்கள் எங்கள் உடலில் இல்லை. ஆனால் பெருங்குடலில் கோடானுகோடி பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றுக்கு இந்த நார்தான் சாப்பாடு. அவை அதை நொதிக்கச் செய்யும்போது அசற்றேற்று, புரோப்பியோனேற்று, பியூட்டிரேற்று என்ற மூன்று சிறிய அமிலங்கள் உண்டாகின்றன. தேங்காயெண்ணெயில் கூடுதலாக உள்ள கொழுப்பமிலத்தில் 12 காபன் அணுக்கள் உண்டு. இம்மூன்றிலும் முறையே 2, 3, 4 மட்டுமே. அதனால் இவற்றைக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்கள் என்கிறார்கள்.

இவற்றுள் பியூட்டிரேற்று, பெருங்குடலின் உட்சுவர்க் கலங்களுக்கு முக்கிய எரிபொருள். ஆனால் இந்த அமிலங்களின் வேலை அத்தோடு முடிவதில்லை. இவை சேதியும் சொல்கின்றன.

எப்படி என்று பார்ப்போம். எங்கள் கலங்களின் மேற்பரப்பில் 'வாங்கிகள்' எனப்படும் புரதங்கள் உள்ளன. வீட்டு வாசலிலுள்ள அழைப்புமணியை நினைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் வெளியில் நின்று அழுத்த, சத்தம் உள்ளே கேட்கும். வாங்கியும் அப்படித்தான். அது கலத்தின் மென்சவ்வை ஏழு தடவை ஊடுருவி நிற்கும் ஒரு புரதம். அமிலம் வெளிப்பக்கத்தில் வந்து பொருந்தியதும் வாங்கியின் வடிவம் சற்று மாறுகிறது. உட்பக்கத்திலுள்ள 'ஜீ புரதம்' அதை உணர்ந்து கலத்துக்குள் சேதியைக் கடத்துகிறது.

ஜீ.பி.ஆர். 41, ஜீ.பி.ஆர். 43 என்ற இரு வாங்கிகள் இருப்பது முன்பே தெரிந்திருந்தது. ஆனால் அவற்றோடு பொருந்துவது எதுவென்று தெரியாததால் விஞ்ஞானிகள் அவற்றை 'அனாதை வாங்கிகள்' என்றே அழைத்தார்கள். 2003ஆம் ஆண்டில்தான் இந்தக் குறுஞ்சங்கிலி அமிலங்களே அவற்றின் சொந்தக்காரர் என்பது வெளியானது.

இந்த மணி அடித்தால் என்ன நடக்கும்? குடற்சுவரிலுள்ள சிறப்புக் கலங்கள் ஜீ.எல்.பி. 1, பீ.வை.வை. என்ற ஓமோன்களைச் சுரக்கின்றன. முதலாவது, சாப்பிட்டபின் இன்சுலின் சுரக்க உதவுவது. இரண்டும் பசியைத் தணிப்பவை. நோயெதிர்ப்புக் கலங்களிலும் ஜீ.பி.ஆர். 43 உண்டு. அந்த வாங்கி இல்லாத எலிகளின் குடலில் அழற்சி இலகுவில் தணியவில்லை என்பதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது.

இவற்றிற் பல எலிகளில் கண்டவை. மனிதரில் பலன் இவ்வளவு தெளிவாக இல்லை. எனினும் இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் உடற்பருமன் கூடிய 60 பேரைக்கொண்டு நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. புரோப்பியோனேற்றைப் பெருங்குடலுக்குக் கொண்டுசெல்லும் பொருளை 24 வாரங்கள் உட்கொண்டவர்களுக்கு எடை கூடுவது குறைந்திருந்தது. ஆகவே நார் நல்லது. ஆனால் அது மருந்துக்கு மாற்றீடல்ல. குரக்கன் சாப்பிடுகிறேன் என்று குளிசையை நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் இவற்றையெல்லாம் சொன்னேன். அந்த அம்மா கவனமாகக் கேட்டிருந்துவிட்டு, "அப்ப நான் சாப்பிடாட்டி உள்ளுக்கிருக்கிற அதுகளும் பட்டினிதானே?" என்றார். உண்மைதான். நார் கிடைக்காத பற்றீரியாக்கள் குடற்சுவரைக் காக்கும் சளிப்படையையே தின்னத் தொடங்குவதை 2016இல் எலிகளில் கண்டிருக்கிறார்கள். அதைச் சொன்னதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "பயத்தங்கறி சமைக்கிறனான் பிள்ளை. நான் சாப்பிட இருக்கேக்கை சட்டியிலை இருக்காது. சோறும் சொதியும்தான் மிஞ்சும்."

இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கிருந்த பலருடைய கதையும் அதுதான். நோய் பற்றி எவ்வளவு பேசினாலும், வீட்டில் யார் முதலில் சாப்பிடுகிறார், யாருக்கு எது மிஞ்சுகிறது என்பதைப் பேசாமல் விட்டால் பயனில்லை. பெண் கடைசியாகச் சாப்பிடும் வீட்டில் அவளுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் வெறும் மாப்பொருளே.

வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டல். இதற்கு விலைகூடிய மாப்பேணிகள் தேவையில்லை. தவிடு நீக்காத சிவப்பரிசி, குரக்கன், ஒடியல், கௌபி, கடலை, முருங்கையிலை, வாழைக்காய் போதும். வெள்ளைப் பாண் வாங்கும் காசில் ஒரு பகுதியைக் கடலைக்கோ கௌபிக்கோ மாற்றலாம். திடீரெனக் கூட்டினால் வயிறு ஊதும். சிறிது சிறிதாகக் கூட்டி, தண்ணீரும் போதியளவு குடியுங்கள். சிறுநீரக நோயுள்ளவர்கள் பருப்பு, கீரை வகைகளைக் கூட்டமுன் வைத்தியரைக் கேட்பது அவசியம்.

சகோதரிகளே, நாளை சமைத்து முடிந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். மற்றவர்களுக்குப் பரிமாறமுன் உங்களுக்கென்று இரண்டு அகப்பை கறியை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடிவையுங்கள். அதைச் சுயநலமென்று எண்ணாதீர்கள். அது உங்கள் பங்கு.