குமண: காடா, காட்சிச்சாலையா?

வனத்தைப் பார்வையிடுவோரே வனத்தைக் காக்கின்றனர், அவர்கள் செலுத்தும் கட்டணமே பாதுகாப்பின் மூலதனம் என்னும் வாதம் ஐயத்துக்கிடமற்ற உண்மைபோற் கூறப்படுகின்றது. யால தேசிய பூங்காவின் முதலாம் வலயத்தில் ஒரு காலைப்பொழுதைக் கழித்தவர்க்கு இதன் வெறுமை புலனாகும். சிறுத்தை தென்பட்டதென்ற செய்தி தொலைபேசிவழிப் பரவியதும் ஜீப் வண்டிகள் நாற்றிசையிலிருந்தும் விரைகின்றன. புழுதியும் இரைச்சலும் சூழ, விலங்கு புதருள் மறைகின்றது. வந்தோரோ படமொன்று கிடைத்த திருப்தியுடன் மீளுகின்றனர். ஏறத்தாழ 979 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள பூங்காவில் இந்நெருக்கடி பெரும்பாலும் 140 சதுர கிலோமீற்றரளவான இவ்வொரு வலயத்தையே அழுத்துகின்றது.

குமுக்கன் ஆற்றுக்கு அப்பால், பாணமைக்குத் தெற்கே கிடக்கும் குமணவையும் இவ்வாறே 'முன்னேற்ற' வேண்டுமென்பார் உளர். 1970இல் யால கிழக்கு என்ற பெயரில் தேசிய பூங்காவாகி, 2006இல் இன்றைய பெயரைப் பெற்ற இவ்வனம், போர் காரணமாக 1985 முதல் 2003 வரை மூடப்பட்டிருந்தது. ஏறத்தாழ 200 ஹெக்டேயர் பரப்பான குமண வில்லே இதன் உயிர்நிலை. ஆற்றுநீர் பாயும் அச்சதுப்பின் கண்டல் மரங்களில் வைகாசி, ஆனி மாதங்களில் கூழைக்கடா, நாரை, கரண்டிவாயன், கொக்கு முதலியன கூட்டங்கூட்டமாகக் கூடு கட்டுகின்றன.

யாலவின் உவமை இங்கேதான் முற்றாகப் பொருந்தாது போகின்றது. துரத்தப்பட்ட சிறுத்தை புதருள் ஒளியலாம். கூடு எங்கே ஒளியும்? தாய்ப்பறவை வெருண்டெழுந்தால், முட்டை காகத்துக்கு இரையாகும், குஞ்சு வெயிலில் வாடும். பார்வையாளர் விரும்பி வரும் பருவமும் பறவைகள் அமைதி வேண்டும் பருவமும் ஒன்றே என்பதை 'முன்னேற்றம்' பேசுவோர் எண்ணியதாகத் தெரியவில்லை.

இதே காட்டினூடாக, உகந்தை முருகனை வணங்கிக் கதிர்காமத்துக்கு நடந்து செல்வோர் ஆண்டுதோறும் உளர். வழியும் நீருமன்றி அவர்கள் காட்டிடம் வேறெதுவும் வேண்டுவதில்லை. ஆயினும் அவர்களை முனிவராக்கவும் வேண்டியதில்லை. அவர்களுட் சிலர் எறிந்துசெல்லும் பிளாஸ்ரிக் போத்தல்களும் பைகளும் பக்தியின் பெயரால் மன்னிக்கத்தக்கனவல்ல.

வேண்டப்படுவது தடையன்று, அளவு. கூடு கட்டும் பருவத்தில் வில்லோரம் ஒரே வேளையில் எத்தனை வண்டிகள் நிற்கலாம், எவ்வளவு தொலைவில் நிற்கலாம் என்பதைப் பறவையியலாளர் வரையறுக்கட்டும். அவ்வெல்லை நிறைந்ததும் உகந்தை வாயிலில் வண்டிகள் மறிக்கப்படட்டும். அதனாற் குறையும் வருமானத்தை எங்ஙனம் ஈடுசெய்வதென்பது திறைசேரி விடைகூறவேண்டிய வினா, நாரைகள் கூறவேண்டியதன்று.