ஒலிப்பெட்டியா, செவியா?

நங்கநல்லூர்ச் சகோதரர் ஒருவர் கேட்கிறார்: "நாகூர் ஹனீஃபா அவர்களின் ஒரே பாடல், ஒரே ஸ்டீரியோ. ஒருநாள் கணீரென ஒலிப்பதாகவும் மறுநாள் மந்தமாகிவிடுவதாகவும் அத்தா கூறுகிறார்கள். இருமுறை பழுதுபார்த்தும் பயனில்லை. விற்றுவிடலாமா?"

சற்றுப் பொறுங்கள். பெட்டி பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. தங்கள் ஊரின் அருகிலேயே மீனம்பாக்கம் விமான நிலையம். விமான இரைச்சலும், முழு வேகத்தில் சுழலும் மின்விசிறியும் பாட்டின் மெல்லிய ஒலிகளை விழுங்கிவிடும். இரவின் அமைதியில் அவை மீண்டும் புலப்படும்.

அடுத்தது ஒலியளவு. தாழ்ந்த ஒலியில் அடித்தொனிகளை நம் செவி மிகக் குறைவாகவே உணர்கிறது என்பதை 1933இல் அமெரிக்க அறிஞர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினர். அண்டைவீட்டாரை எண்ணிக் குமிழைத் தணித்தால் பாட்டும் மெலிந்தே தோன்றும். இருக்கையை இரண்டடி நகர்த்தினாலும் அடித்தொனி கூடும், குறையும். கனத்த திரைச்சீலையைக் கழற்றிவிட்டாலோ அறையே எதிரொலிக்கும்.

ஆனால், தங்கள் தந்தையாருக்கு மட்டும்தான் மந்தமாகக் கேட்கிறதா? ஜலதோஷத்தால் நடுச்செவி அடைபடும், குறும்பி சேரும், முதுமையில் உச்சத்தொனிகளே முதலில் மங்கும். (இதைப் பெரியவர்கள் எளிதில் ஒப்புவதில்லை, பழி பெட்டியின்மீதே!) இஷாவுக்குப் பின் ஒரே பாட்டை, ஒரே அளவில், ஒரே இடத்தில் அமர்ந்து ஒவ்வொருவராகக் கேளுங்கள். சில நாட்கள் இப்படிச் செய்தும் அவருக்கு மட்டுமே மந்தமெனில், கடைக்குப் பெட்டியைச் சுமக்காமல், தந்தையாரைக் காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.