தீபாவளி லீவுக்கு ஊட்டியா, கொடைக்கானலா? அக்டோபர், நவம்பரில் எங்கே மழை அதிகம், எங்கே குளிர் அதிகம்?

காலாண்டு விடுமுறை, ஆயுத பூஜை, தீபாவளி என அடுத்தடுத்து லீவு வரும் மாதங்கள் இவை. மலைக்குப் போகலாம் என்று முடிவானதும் எல்லா வீட்டிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: ஊட்டியா, கொடைக்கானலா? இரண்டும் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர்கள். இரண்டிலும் குளிர் உண்டு, ஏரி உண்டு, படகு உண்டு. ஆனால் அக்டோபர், நவம்பரில் இரண்டின் வானிலையும் ஒன்று இல்லை. அறை முன்பதிவு செய்யும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

ஏன் இந்த இரண்டு மாதம் முக்கியம்?

ஐப்பசி என்றாலே அடைமழை என்று சும்மா சொல்லவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான் தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதியைத் தருகிறது. வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டி இது தொடங்கும். வங்கக்கடலில் இருந்து ஈரக்காற்று கிழக்கிலிருந்து மேற்காக வரும். மலையின் கிழக்குச் சரிவில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டும்.

அதனால், எந்த ஊர் கிழக்கைப் பார்த்து இருக்கிறதோ அங்கேதான் மழை அதிகம். இரண்டு ஊருக்குமான வித்தியாசம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கொடைக்கானல்: அக்டோபர்தான் உச்சம்

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீண்டு வரும் பழனி மலையில் இருக்கிறது கொடைக்கானல். கடலிலிருந்து வரும் காற்றை நேராக வாங்கும் இடம். ஆண்டிலேயே அதிக மழை பெய்யும் மாதம் இங்கே அக்டோபர்தான். நவம்பரிலும் பெரிதாகக் குறையாது.

மழையோடு மூடுபனியும் சேர்ந்துவிடும். கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, பசுமைப் பள்ளத்தாக்கு இதெல்லாம் பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்கான இடங்கள். மூடுபனி இறங்கினால் எதிரே வெள்ளைத் திரைதான் தெரியும். காட்சி முனைகளுக்காகவே கொடைக்கானல் போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளணும்.

ஊட்டி: ஊருக்குள் கொஞ்சம் குறைவு, ஆனால்...

ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா நிற்கிறது. கிழக்கிலிருந்து வரும் மழை மேகம் முதலில் குன்னூர், கோத்தகிரி பக்கம்தான் கொட்டும். அதைத் தாண்டித்தான் ஊட்டிக்கு வரணும். அதனால் இந்தப் பருவத்தில் ஊட்டி நகருக்குள் பெய்வது பொதுவாகக் குன்னூர், கொடைக்கானலை விடக் குறைவு.

அப்போ ஊட்டிதான் பாதுகாப்பா? அவசரப்படாதீங்க. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் இரண்டு சாலைகளும், அதாவது குன்னூர் வழியும் கோத்தகிரி வழியும், அந்த மழை கொட்டும் கிழக்குச் சரிவில்தான் இருக்கின்றன. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதிகம் பாதிக்கப்பட்டதும் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம்தான்.

ஊரை மட்டுமில்லை, வழியையும் பாருங்க

பயணத் திட்டத்தில் பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். போய்ச் சேரும் ஊரின் வானிலையை மொபைலில் பார்க்கிறோம். ஏறிப்போகும் சாலையின் வானிலையைப் பார்ப்பதில்லை.

ஊட்டிக்கு: குன்னூர் சாலையில் மண் சரிந்தால் வாகனங்களைக் கோத்தகிரி வழியாகத் திருப்பி விடுவார்கள். நேரம் கூடும், ஆனால் மாற்று வழி இருக்கிறது. மைசூரு, கூடலூர் பக்கமிருந்து வருபவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

கொடைக்கானலுக்கு: வத்தலக்குண்டு வழி, பழனி வழி என இரண்டு முக்கியச் சாலைகள் உண்டு. ஆனால் இரண்டும் பெருமாள்மலையில் ஒன்றாகச் சேர்ந்துவிடும். அதற்கு மேல் வெள்ளி நீர்வீழ்ச்சியைக் கடந்து ஊருக்குள் போக ஒரே சாலைதான். அந்த இடத்தில் மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ, எடுத்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் உள்ளே வந்தபோது கொடைக்கானல் மலையிலும் மரங்கள் சாய்ந்து சாலைகள் துண்டிக்கப்பட்டன.

மலை ரயிலை நம்பிப் போகலாமா?

மேட்டுப்பாளையம் - ஊட்டி மலை ரயிலில் போகணும் என்பது குழந்தைகளின் ஆசை. ஆனால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையிலான பாதையில் மண், பாறை சரிந்து இந்த மாதங்களில் ரயில் ரத்தாவது அடிக்கடி நடக்கும் விஷயம். அப்படி ரத்தானாலும் குன்னூர் - ஊட்டி இடையே ரயில் ஓட வாய்ப்பு உண்டு. அதனால் ரயில் டிக்கெட்டை மட்டுமே நம்பி மொத்தப் பயணத்தையும் அமைக்காதீங்க. பஸ் வழி கையில் இருக்கட்டும்.

குளிர் எங்கே அதிகம்?

பகலில் கொடைக்கானல், இரவில் ஊட்டி. அக்டோபர், நவம்பரில் கொடைக்கானலில் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 17, 18 டிகிரியைத் தாண்டாது. ஊட்டியில் அது 19, 20 டிகிரி வரை போகும். இரவில் கதை தலைகீழ். ஊட்டி நகரம் கிண்ணம் போலச் சுற்றிலும் மலை சூழ்ந்த பள்ளத்தில் இருப்பதால் கனமான குளிர்காற்று கீழே இறங்கித் தேங்கிவிடும். வானம் தெளிவாக இருக்கும் நவம்பர் கடைசி இரவுகளில் உறைபனி தொடங்கவும் வாய்ப்பு உண்டு. கைக்குழந்தை, வயதானவர்களோடு போகிறவர்கள் ஊட்டிக்குக் கூடுதல் ஸ்வெட்டர், கம்பளி எடுத்துக்கொள்வது நல்லது.

எந்த வாரம் போகலாம்?

அக்டோபர் முதல் பாதி: காலையில் வெயில், பிற்பகலில் இடி மழை என்ற மாதிரி நாட்கள் அதிகம். காலை 7 மணிக்கே கிளம்பி மதியத்துக்குள் சுற்றி முடித்தால் இரண்டு ஊரும் ஓகே.

அக்டோபர் கடைசி முதல் நவம்பர் இறுதி வரை: ரிஸ்க் அதிகம். ஆனால் தினமும் மழை இருக்காது. கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் சில நாள் கொட்டும், பிறகு சில நாள் இடைவெளி விடும்.

டிசம்பர் பிற்பகுதி: மழை குறையும், காட்சிகள் தெளியும், குளிர் கூடும். தேதியை மாற்ற முடியுமென்றால் இதுதான் நல்ல தேர்வு.

எச்சரிக்கையை எப்படிப் படிப்பது?

வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாகத்தான் எச்சரிக்கை தரும். ஊட்டிக்கு 'நீலகிரி', கொடைக்கானலுக்கு 'திண்டுக்கல்' என்று தேடணும். கொடைக்கானல் என்ற பெயர் பட்டியலில் இல்லை என்பதால் மழை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மஞ்சள் என்றால் சுமார் 6 முதல் 11 செ.மீ. வரை கனமழை. ஆரஞ்சு என்றால் 12 முதல் 20 செ.மீ. வரை மிக கனமழை. சிவப்பு என்றால் அதற்கும் மேல். ஆரஞ்சு வந்தாலே மலைப்பயணத்தைத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம்.

கிளம்பும் முன் செக் பண்ண வேண்டியவை

- சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இரண்டு ஊருக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. சொந்த வண்டியில் போகிறவர்கள் அப்போதைய விதிமுறையைப் பார்த்துக்கொள்ளவும்.
- ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பாருங்க. 500 ரூபாய் கூடுதலானாலும் இந்த சீசனில் அது லாபம்தான்.
- இருட்டிய பிறகு மலை ஏறுவதைத் தவிர்க்கவும். திரும்பும் நாளுக்குப் பிறகு ஒரு நாள் கையிருப்பு வைக்கவும்.

சரி, கடைசியில் எது?

சுற்றிப் பார்ப்பதுதான் நோக்கம், தேதியை மாற்ற முடியாது என்றால் ஊட்டிக்கு ஒரு படி வாய்ப்பு அதிகம்: ஊருக்குள் மழை குறைவு, சாலையில் மாற்று வழி உண்டு. மழையையும் மூடுபனியையும் அறை ஜன்னலில் உட்கார்ந்து ரசிக்கத் தயார், திரும்ப ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை என்பவர்களுக்குக் கொடைக்கானல். எதுவானாலும் கிளம்பும் நாள் காலையில் மாவட்ட எச்சரிக்கையை ஒரு முறை பார்த்துவிட்டு வண்டியை எடுங்க.