ரேடியோவைக் கூட்டினா பிரேக் கத்துறது கேக்காது

பசறையிலிருந்து பதுளைக்கு இறங்கும் வேன். பதினாலு பேர் நெருக்கிப் பிடித்து உட்கார்ந்திருக்கிறோம். ஒவ்வொரு வளைவிலும் முன்சில்லுப் பக்கமிருந்து "கீ...ச்" என்று ஒரு சத்தம். பின்சீட்டிலிருந்த அம்மா ஒருத்தர், "தம்பி, என்னமோ கத்துதே" என்றார். டிரைவர் அண்ணன் கையை நீட்டி ரேடியோவைக் கூட்டினார். சத்தம் போய்விட்டது.

இந்த ரேடியோ வைத்தியத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தோம். நம்ம பக்கம் அது பல வடிவத்தில் நடக்குது. சிலர் சில்லுக்குத் தண்ணி அடிப்பார்கள். சிலர் பேட்டைக் கழற்றி சாண்ட் பேப்பரில் தேய்த்துத் திரும்பப் போடுவார்கள். ஒருத்தர் கிரீஸ் பூசியதையும் கண்ணால் பார்த்தோம், அதுவும் டிஸ்க்கில் உரசும் முகத்திலேயே. சத்தம் அடங்கிவிடும், உண்மைதான். பிரேக்கும் சேர்ந்து அடங்கிவிடும். கத்துற பிரேக்கைப் பார்த்து எங்களுக்கு அவ்வளவு பயமில்லை. வாயடைக்கப்பட்ட பிரேக்கைப் பார்த்தால்தான் பயம்.

சத்தம் எப்படி வருது? கரும்பலகையில் சோக்கட்டி சில நேரம் கீச்சிடுமே, கிட்டத்தட்ட அதே கதை. பேட் டிஸ்க்கைச் சீராகப் பிடிக்காமல் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை அதிருது. எல்லாச் சத்தமும் கெட்ட சத்தமில்லை. நமுனுகுலைப் பக்கம் ராத்திரி முழுக்க பனியில் நின்ற கார் காலையில் முதல் நாலைந்து மிதிக்குக் கத்தும். டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு உரசிப் போனதும் நின்றுவிடும், அதை விட்டுவிடலாம். நாள் முழுக்க, மெதுவாக மிதிக்கும்போது கத்தினால் பேட்டின் முகம் சூட்டில் கண்ணாடி மாதிரி பளபளத்திருக்கலாம். இல்லாவிட்டால் பேட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டிய தகடு போன தடவை மாற்றும்போது தொலைந்திருக்கலாம். (கராஜில் கழற்றுற சின்னச் சின்னத் தகடெல்லாம் எங்கே போகுது என்பது தனிக்கட்டுரைக்குரிய மர்மம்.)

பிரேக்கை மிதிக்காமலே, ஓடும்போது சன்னமாக விசில் அடித்துக்கொண்டு வந்தால்தான் காது கொடுக்கணும். பல பேட்டுகளில் ஒரு சின்ன இரும்பு நாக்கு வைத்திருக்கிறார்கள். பேட் தேய்ந்து முடியும் நேரம் அது டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும். கத்துவதற்கென்றே வைத்த சாமான் அது. புதுப் பேட் சுமார் 10 மில்லிமீற்றர் தடிப்பு இருக்கும். 3 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்றணும். அதையும் தாண்டி "கரகர" என்று கேட்டால் இரும்போடு இரும்பு உரசுது, வண்டியை அங்கேயே ஓரங்கட்டணும்.

கிரீஸ் போடவே கூடாதா? போடணும், இடம் பார்த்து. கெலிப்பர் ஓடுற பின்னுக்கும் பேட்டின் முதுகுக்கும், சூடு தாங்குற கிரீஸ், கொஞ்சமாக. ஆட்டோ ஓட்டுறவங்களுக்கு டிரம் பிரேக். அதில் பெரும்பாலும் உள்ளே சேர்ந்த தூசிதான் கத்தும். காற்று அடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்க. பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கும், கராஜில் வேலை பழகுற தம்பிமார்தான் அதைச் சுவாசிக்கிறார்கள்.

சமவெளியில் ஓடுறவர் இதையெல்லாம் தள்ளிப்போட்டால் பேட் போகும், டிஸ்க் போகும், காசு போகும். நம்ம ரோட்டுக் கணக்கு வேறே. எல்ல, கடல் மட்டத்திலிருந்து 1000 மீற்றருக்கு மேலே. அங்கிருந்து முப்பது கிலோமீற்றருக்குள் வெல்லவாய போய்ச் சேரும்போது சுமார் 200 மீற்றருக்கு இறங்கிவிடுகிறோம். 2025 செப்டெம்பர் 4 இரவு அந்த வீதியில்தான் தங்காலை நகரசபை ஊழியர்கள் சுற்றுலா வந்த பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். மறுநாளே எங்கே பார்த்தாலும் பிரேக் பற்றிய பேச்சுதான். காரணம் கண்டுபிடிப்பது விசாரணை செய்பவர்களின் வேலை. ஆனால் நாங்கள் பார்க்க, அந்தப் பேச்சு ஒரு வாரத்தில் ஓய்ந்துபோனது. வேன்கள் அதே மாதிரி கத்திக்கொண்டே ஓடின.

இன்னொன்றும் சொல்லணும். நீண்ட இறக்கத்தில் பிரேக் கைவிடும்போது கத்தாமலே கைவிடலாம். முதலில் கருகல் வாடை வரும். பிறகு மிதித்தாலும் பிடிக்காது, அல்லது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், ஈரம் சேர்ந்த ஒயில் சீக்கிரம் கொதிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது அதனால்தான். ஏறுற கியரிலேயே இறங்கணும் என்று பழைய லொறி டிரைவர்மார் சொல்வார்கள். 2022இல் கியூஆர் கோட்டாவில் லீற்றர் எண்ணி எண்ணெய் அடித்த காலத்தில் நியூட்ரலில் உருட்டப் பழகின சிலர் இன்னும் அதை விடவில்லை. என்ஜினையும் அணைத்துவிட்டு உருட்டினால் நாலு மிதியில் பெடல் கல்லாகிவிடும்.

லீசிங் கட்டணும், டீசல் அடிக்கணும், பேட் அடுத்த மாசம் பார்க்கலாம். இந்தக் கணக்கு எங்களுக்கும் தெரியும், எங்கள் வீட்டிலும் ஆட்டோ ஓடுது. அதனால் டிரைவரை மட்டும் திட்டி முடிக்க மனசு வரவில்லை. வருசா வருசம் வரிப்பத்திரத்துக்காக வண்டியைக் கொண்டுபோய்ப் புகை பார்க்கிறோம். அங்கே யாரும் சில்லைக் கழற்றி பேட் பார்ப்பதில்லை. தோட்டத்துப் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகிற வேனுக்கு மாசம் தவறாமல் காசு கட்டுகிற பெற்றோர், தவணைக்கு ஒரு தடவை "அண்ணே, சில்லைக் கழட்டிக் காட்டுங்க" என்று கேட்டால் என்ன? கேட்டால் கோவிப்பாரே என்று ஒரு அக்கா எங்களிடம் சொன்னார். கோவிக்கட்டுமே.

அந்தப் பசறை வேன் அண்ணனிடம் நாங்களும் கேட்டோம். முதலில் கோவித்தார். "பேட் இன்னும் இருக்கு, குனிஞ்சு பாரு" என்றார். குனிந்து பார்த்தால் வெளிப்பக்க பேட் நல்ல தடிப்பாகத்தான் தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கராஜில் சில்லைக் கழற்றினபோதுதான் உள்பக்க பேட்டைப் பார்த்தோம். கெலிப்பர் பின் இறுகிப்போய் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, இரும்புத் தகட்டின் மேல் மட்டை அளவுதான் மிச்சம். அண்ணன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதோட நேத்து லுணுகலைக்குப் போய் வந்தேன்டா" என்றார்.