திரும்பி வந்த ஆண்டு

உலகின் இரண்டாவது உயரமான சிகரம் கே2. பாகிஸ்தான், சீன எல்லையில் காரகோரம் மலைத்தொடரில் 8,611 மீட்டர் உயரத்தில் அது நிற்கிறது. 2018ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், போலந்து நாட்டவரான ஆன்ஜே பார்கியெல் உயிர்வாயுக் கலனின் துணையின்றி அதன் உச்சியை அடைந்தார். அங்கிருந்து பனிச்சறுக்குப் பலகைகளிலேயே அடிவார முகாம்வரை இறங்கினார். அதற்கு முன்னர் எவரும் அதைச் செய்து முடித்ததில்லை. முயன்றவர்களுள் உயிரிழந்தோரும் உண்டு.

இத்தகைய செய்தியைக் கேட்டதும் சிலர், “உயிரோடு விளையாடுகிறார்” என்று கடிந்துகொள்கின்றனர். வேறு சிலர், “அஞ்சா நெஞ்சர்!” என்று புகழ்கின்றனர். இரு சாராருமே அந்த ஒரு நாளை மட்டும் பார்க்கின்றனர் என்பது என் கருத்து. நான் பெரிதாக மதிப்பது அதற்கு முந்தைய ஆண்டைத்தான்.

2017ஆம் ஆண்டிலும் பார்கியெல் கே2க்குச் சென்றார். பால்டோரோ பனியாற்றின்மீது பல நாள் நடந்தால்தான் அதன் அடிவாரத்தையே அடைய முடியும். அவ்வளவு தொலைவு சென்ற பின்னர், மலையின் நிலை பாதுகாப்பாக இல்லை என்று கண்டு திரும்பிவிட்டார். செலவழித்த பணத்தையும் உழைப்பையும் எண்ணி, “வந்தது வந்துவிட்டோம், ஏறிப் பார்ப்போம்” என்று சொல்வது எளிது. நம்மில் பலர், மலை ஏறாமலேயே, அன்றாடம் அப்படித்தான் சொல்கிறோம்!

பனிச்சறுக்கில் இறங்குபவருக்குத் திட்டம் இன்னும் கடினமானது. மேலே ஏறுபவர் அடுத்த அடியைக் கண்முன் காண்கிறார். இறங்குபவருக்கோ சரிவு கீழே வளைந்து மறைந்துவிடுகிறது. அதற்கப்பால் பனியா, பாறையா, பள்ளமா என்று தெரியாது. ஆகவே, பாதை முழுவதும் முன்கூட்டியே மனத்தில் பதிந்திருக்க வேண்டும். மறு ஆண்டு, அவருடைய சகோதரர் ஆளில்லா வானூர்தியைப் பறக்கவிட்டு மலைச்சரிவுகளை ஆராய்ந்தார். (அருகிலுள்ள பிராட் பீக் சிகரத்தில் காணாமற்போன மலையேறி ஒருவரைக் கண்டுபிடிக்கவும் அதே வானூர்திதான் உதவியது.) பார்கியெல் ஒரே வழியில் இறங்கவில்லை. பழைய ஏறுவழிகள் சிலவற்றின் பகுதிகளை இணைத்துத் தமக்கென ஒரு பாதையை வகுத்திருந்தார்.

அந்தப் பாதையிலும் அவர் விரைந்து பாயவில்லை. இறங்கும் வழியில் மேகம் சூழ்ந்து கண்ணை மறைத்தபோது, முகாமில் நின்றார். மேகம் விலகும்வரை காத்திருந்தார்.